சருகு மூடிய கூடை

புதர் படாரென்று பிளக்கிறது. ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு சரிவில் இறங்கி ஓடுகிறது. வனக்காவலர் ஒர்னெல்லா, ரோமானியர் காலத்து இடிந்த சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்குகிறாள். பன்றி வந்த திசையில் மண்வெட்டிச் சத்தம் மட்டும் ஓயவில்லை. ரோமுக்கு அருகே அல்பான் மலையின் கறுத்த எரிமலை மண்ணில், கஷ்கொட்டை மரங்களின் ஊடே வெயில் துண்டு துண்டாக விழுகிறது. அங்கே தன் தோப்பில் எவாரிஸ்தோ குனிந்து நிற்கிறார். பக்கத்தில் காளான் கூடை, மேலே சருகு போட்டு மூடியிருக்கிறது. பன்றி கிளறிய குழியில் கறுப்பும் வெள்ளையுமாகச் சில்லுகள் பதித்த பழந்தரை. அதில் பதித்த ஒரு மீன் உருவம் வால் வரை தெரிகிறது.

"காளான் இப்பல்லாம் ஆழத்துலதான் முளைக்குது போல, மாமா."

அவர் நிமிரவில்லை. "பன்னி பண்ண வேலை, தாயி."

"மண்வெட்டியும் பன்னி கொண்டாந்ததா? கீழ்க் கல்லறையில சிலையைத் தூக்கிட்டுப் போனவங்களும் இப்படிக் கூடையோடதான் வந்தாங்க. கவுத்துங்க, பாக்கலாம்."

கூடையைக் கவிழ்க்கிறார். கொட்டுவது வெறும் மண். அதைக் காலால் மீன் வாலின் மேல் தள்ளுகிறார்.

"எடுக்க வரல தாயி, மூடத்தான் வந்தேன். இதை உங்க ஆபீஸ் பாத்தா நாளைக்கே தோப்பைச் சுத்தி வேலி போட்டுருவீங்க. அடுத்த வாரம் கஷ்கொட்டை உதிரும்போது நான் எங்க போயி காய் பொறுக்கறது?"