ஜெகதீஷுக்குக் கொடுத்த புத்தகங்கள்

ஜெகதீஷ் புத்தகத்தை ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்தான்.

"இதை எழுதுனவரு முடிக்கவே இல்லையேக்கா."

மெஹ்ரினுக்கு முதலில் புரியவில்லை. போன வாரம் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். ஒரு நாடக நடிகரின் தன்வரலாறு. எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் நோயில் இறந்துபோக, கடைசி அத்தியாயத்தை அவர் மகள் எழுதியிருந்தாள். அந்த அத்தியாயத்துக்காகவே மெஹ்ரின் அதைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள்.

"அதுதான் தம்பி அந்தப் புத்தகத்தோட உசுரே. முழுசாப் படிச்சியா?"

அவன் புத்தகத்தை அவள் பக்கமாகத் தள்ளினான்.

போடியில் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே மெஹ்ரினின் ஜெராக்ஸ் கடை. கவுண்டருக்குப் பின்னால், காகிதக் கட்டுகளுக்கு மேலே, ஒரு சுவர் முழுக்க அவளுடைய சொந்தப் புத்தகங்கள். ஆதார் அட்டையை நகலெடுக்க வருகிறவர்களிடம்கூடப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவாள். பலர் சிரித்துவிட்டுப் போவார்கள். கேட்டு வாங்கிப் போகிறவர்கள் சிலர்தான்.

அந்தச் சிலரில் ஜெகதீஷும் ஒருவனாவான் என்று அவள் நினைத்ததில்லை. ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் போடிமெட்டுக்குப் போகிற ஜீப் அவனுடையது. மழைக்காலத்தில் ஒரு நாள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை நகலெடுக்க வந்தவன், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நெசமா நடந்த கதை இருக்காக்கா?"

சுரங்கம் இடிந்து உள்ளே சிக்கிக்கொண்ட ஒரு தொழிலாளி எழுதியதை எடுத்துக் கொடுத்தாள். வாங்குவதற்கு முன் அவன் தயங்கினான்.

"கடைசியில இவரு பொழச்சுக்கிட்டாரா?"

மெஹ்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொழைக்காமலா தம்பி உக்காந்து எழுதியிருக்காரு?"

அவன் அதையே யோசித்தபடி நின்றான். பிறகு, "அப்ப இந்த மாதிரியே குடுங்கக்கா" என்றான்.

அப்படியே கொடுத்து வந்தாள். பனிமலையில் கால் விரல்களை இழந்த ராணுவச் சமையல்காரர். கலவரத்தில் வீட்டை விட்டு ஓடி, போன ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கிய ஆசிரியை. செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்த தையல்காரருடையதைக் கொடுத்தபோது, சட்டைப் பொத்தான்களை வைத்துக் கைதிகள் தாயம் ஆடும் இடத்தை நடித்தே காட்டினாள். பக்கத்துக் கடையில் டீ வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லாவற்றையும் மடிப்பு விழாமல் திருப்பிக் கொடுத்தான். எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்தான். "நல்லா முடிஞ்சுதுக்கா."

இவ்வளவு படித்தும் இவனுக்குச் சொல்ல வேறெதுவும் இல்லையா என்று அவளுக்கு உள்ளூரக் குறை. நடிகரின் புத்தகத்தை அவன் திருப்பிக் கொண்டுவந்த அன்று அது வெளியே வந்துவிட்டது.

"மனுசங்க வாழ்க்கை எல்லாம் ஒரே மாதிரியா முடியும்? உனக்குத் தோதா முடியணும்னா சினிமாவுக்குப் போ தம்பி."

அவன் முகம் சுருங்கிப்போனது. வர்றேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனான்.

அதன் பிறகு அவன் வரவில்லை. ஜீப்பை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். விசாரிக்க அவளுக்கு ரோஷம் விடவில்லை. அந்த நடிகரின் புத்தகத்தை அலமாரியில் வைக்கவும் மனம் வராமல், மேசைக்குள் போட்டு வைத்தாள்.

தை மாதத்தில் ஒரு மாலை அந்த ஜீப் கடை வாசலிலேயே வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஜெகதீஷ்தான். இறங்கவில்லை. மறுபக்கம் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். தலையை மூடிக் கட்டியிருந்த துணி நெற்றியில் விலகிய இடத்தில், மொட்டையடித்த குழந்தைக்கு முளைப்பதுபோல முடி முளைத்திருந்தது.

"நீங்கதானே மெஹ்ரின் அக்கா? நான் பொன்னுமணி. அவரோட சம்சாரம்."

சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தெரிந்தவர்களைக் கூட்டத்தில் கண்டதுபோல அங்கங்கே அவள் பார்வை நின்று நகர்ந்தது.

"நீங்க குடுத்ததெல்லாம் நான்தான்க்கா படிச்சேன். மதுரை ஆஸ்பத்திரியில மருந்து ஏறி முடியுற வரைக்கும் வேற என்ன சோலி?"

"அப்ப, ஜெகதீஷ்?"

"அவரா? பேப்பரே படிக்க மாட்டாரு. வார்டுக்கு வெளிய நின்னு கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சுப் பார்ப்பாரு. சரியா இருந்தாத்தான் உள்ள கொண்டாருவாரு. எனக்குத் தெரியாதுன்னு அவருக்கு நெனப்பு."

சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மெஹ்ரின் வாசலைப் பார்த்தாள். ஜீப்புக்குள் ஜெகதீஷ் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைப் பக்கம் பார்க்கவில்லை.

"டாக்டர் என்னம்மா சொல்றாங்க?"

"மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியுமாம். சித்திரையில வரச் சொல்லியிருக்காங்க."

மெஹ்ரின் கண்களைத் துடைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள். பிழைத்தவர்கள் எழுதியது இன்னும் நிறைய இருந்தது. ஒன்றை உருவி எடுத்து நீட்டினாள்.

பொன்னுமணி வாங்கிக்கொள்ளவில்லை. ஜீப்பை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எப்படி முடியும்னு சொல்லாம ஒண்ணு குடுங்கக்கா. கடைசிப் பக்கத்தை நானே படிச்சுக்கிறேன்."