‘கதவு’ என்று தட்டினால்

"அக்கா, லிஃப்ட் கதவு பாதியில நின்னா என்ன செய்யணும்னு எழுதியிருப்பீங்களே, அந்தப் பக்கம் எங்க இருக்கு?"

புதிதாக வேலைக்குச் சேர்ந்த மூக்குக்கண்ணாடிக்காரன் அன்று கேட்ட பதினோராவது கேள்வி அது. அவள் காட்டினாள். உடனே ‘கதவு’ என்று ஒரு குறுக்குச் சுட்டி போட்டான். இனி அலுவலகத்தின் இணையக் குறிப்பேடான விக்கியில் அந்த ஒரு சொல்லைத் தட்டினால் போதும், பக்கம் வந்து நிற்கும்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த அலுவலகத்தின் விக்கியில் இரண்டாயிரம் பக்கங்கள். எது எங்கே என்று அறிந்தவள் அவள் ஒருத்திதான். மகளின் பிரசவத்துக்கு ஆறு வாரம் லீவு கேட்டபோதுகூட, "நீங்க இல்லேன்னா இங்க ஒரு லிஃப்டும் ஏறாதும்மா" என்று மேனேஜர் கும்பிட்டுவிட்டார். மகள் போனில் அழுதாள்.

இந்த வாரமோ இவனைத் தவிர ஒருத்தரும் அவள் மேசையை எட்டிப் பார்க்கவில்லை.

"எதுக்குடா தம்பி இவ்வளவு அவசரம்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்க்கா."

"யாரு சொன்னது?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "சும்மாதான்க்கா."

சும்மாவா? வியாழன் காலை மேனேஜர் அறையைத் தாண்டும்போது, அவர் அவனிடம் பேசுவது கேட்டது. "அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஏத்திட்டியா? அப்போ அவங்க இல்லாமலே ஓட்டிடலாம். இப்போதைக்கு வாயைத் திறக்காதே."

பதினாறு வருஷம் உழைத்தவளைக் கறிவேப்பிலையாகத் தூக்கி எறிவார்களாமா?

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் சுட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டாள். ‘கதவு’ கேன்டீன் நேரப் பக்கத்துக்குப் போனது. ‘மோட்டார்’, பைக் நிறுத்தும் விதிகளுக்கு. பார்க்கட்டும், யார் இல்லாமல் எது ஓடுகிறதென்று.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். கண்ணாடிக்காரன் ஓரமாக நின்று பல்லைக் காட்டினான்.

"உக்காருங்கம்மா. ஏன் முகமெல்லாம் வெளுத்திருக்கு?" என்றவர் ஒரு தாளை எடுத்து வைத்தார். மூன்று மாதத்துக்கு முன் அவள் எழுதிய லீவு விண்ணப்பம்.

"இந்தப் பய ஒத்தக்கால்ல நின்னான். ‘அக்கா பேரக்குழந்தையைப் பார்க்கணும் சார், எல்லாத்துக்கும் நான் சுட்டி போட்டுத் தர்றேன்’னு. முடியாமப் போனா நீங்க ஏமாந்துடுவீங்கன்னுதான் சொல்லல. ஆறு வாரம்! நாளைக்கே கிளம்புங்க."

உட்கார்ந்தவள் பாதி எழுந்துவிட்டாள்.

"நீங்க இல்லாம ஓடுமான்னு ஒரே ஒரு தடவை பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மேனேஜர் ஒற்றை விரலால் கீபோர்டில் தட்டினார்: ‘கதவு’.