கையெழுத்துப் பேனா

அந்த ஒரு வரிக்காகத்தானே பக்கத்தில் நிற்கும் இந்தச் சட்டமன்ற உறுப்பினரை நம்பினேன், என் சமையலறையில் சோள மாவில் அவித்த தமாலே தின்றபடி வாக்குக் கொடுத்தாரே என்று எலிடியா நினைக்கிறாள். போதை மருந்தால் மூச்சுத் திணறுபவனுக்காக ஆம்புலன்ஸை அழைப்பவரைக் கைது செய்யக் கூடாது என்ற வரி. போலீசுக்குப் பயந்து நண்பர்கள் அழைக்காததால்தான் அவள் மகன் எஃப்ரேன் செத்தான். அந்த வரி இருக்க வேண்டிய ‘ரியோ கிராண்டே எல்லைக் காவல், போதைக் கடத்தல் தண்டனைச் சட்ட’த்தில் ஆளுநர் இப்போது கையெழுத்திடுகிறார். பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பேனா; எழுதி முடித்ததும் அவை சுற்றி நிற்பவர்களுக்கு நினைவுப் பரிசு. கேமரா வெளிச்சத்தில் அவள் கையிலிருக்கும் எஃப்ரேனின் படச்சட்டம் கண்ணைக் கூசச் செய்கிறது. “அந்த வரி எங்கங்க?” என்கிறாள். “அது இருந்தா ஓட்டு விழாதும்மா, எடுத்துட்டோம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்,” சட்டமன்ற உறுப்பினர் பெனவிடஸ் சிரிப்புக் கலையாமல் முணுமுணுக்கிறார். “இந்தாங்க, பேனாவ வாங்கிக்கிட்டு பையன் படத்தத் தூக்கிப் பிடிங்க.” எலிடியா படத்தைத் திருப்பி வயிற்றோடு அணைத்துக்கொள்கிறாள். நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை.