ஐவிக்கு ஒரு வாசனைத் துணி

"போற வழியில பையைத் திறந்து பார்க்காதே. வாசனை போயிடும். நேரா கொண்டுபோய் அவ கன்னத்துக்குக் கீழே வை," என்று மாடியறைக் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள் ஜெம்மா. சொல்லி முடிப்பதற்குள் மூன்று தும்மல்.

"நாலு நாளா இதே பாட்டு. நான் என்ன சாண்ட்விச்சா எடுத்துட்டுப் போறேன், வழியில பிரிக்கிறதுக்கு?" என்றான் கேலம்.

மாடிப்படியடியில் தயாராக இருந்த பிளாஸ்டிக் பையை எடுத்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டான். உள்ளே மடித்த மஸ்லின் துணி ஒன்று இருந்தது.

அவர்கள் மகள் ஐவி ஏழு வாரம் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அம்மா உடம்போடு வைத்துப் படுத்த துணியைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தால், அம்மாவே கூட இருப்பதாக நினைத்துச் சமாதானமாகும் என்று அங்கே சொன்னார்கள். கேலம் உடனே கடைக்கு ஓடினான்.

"வாசனை நல்லாப் பிடிக்கிற துணி எது?" என்று கேட்டவனைக் கடைப்பெண் ஒரு மாதிரி பார்த்தாள்.

"அது தெரியாது சார். கக்கினா நல்லா உறிஞ்சும்," என்றாள்.

ஒரு டஜன் வாங்கினான். மெத்தென்று ஆகட்டும் என்று மூன்று தடவை துவைத்தான். துணி காய்வதற்குள் ஜெம்மாவுக்குச் சளி பிடித்துக்கொண்டது. மூக்கு ஒழுகுகிறவர்களை, பெற்ற தாயாகவே இருந்தாலும், அந்த வார்டுக்குள் விடமாட்டார்கள். அவள் மாடியில் அடைந்து கிடந்தாள். இவனுக்கும் ஒட்டிவிடக் கூடாதென்று கீழே சோபாவில் படுக்கச் சொல்லிவிட்டாள். துணி மட்டும் தினமும் போய் வந்தது.

"வா கண்ணு," என்றாள் வார்டு வாசலில் நர்ஸ் மாரீன். "உன் பொண்ணு காலையிலேருந்து ஊரையே கூட்டறா."

ஐவி முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கையளவு உடம்பிலிருந்து அத்தனை சத்தம் வந்தது. கேலம் முழங்கை வரை கைகளைக் கழுவிவிட்டு, பெட்டியின் வட்டத் துவாரம் வழியாகத் துணியை அவள் கன்னத்துக்கு அடியில் நுழைத்தான். நேற்றைய துணியை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். குழந்தை வாசனையுள்ள அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டால்தான் ஜெம்மாவுக்குப் பால் நன்றாகச் சுரக்கிறதாம்.

ஐவி மூக்கைத் துணியில் தேய்த்தாள். இன்னொரு தடவை தேய்த்தாள். அழுகை விசும்பலாகி, விசும்பலும் நின்றுபோனது.

"பார்த்தீங்களா சிஸ்டர்? அம்மான்னா அம்மாதான்," என்றான் கேலம்.

"சரி, இன்னைக்காவது தூக்கேன். பிறந்து பதினோரு நாளாச்சு. சட்டையைக் கழட்டிட்டு உட்காரு, நெஞ்சு மேல படுக்க வைக்கிறேன்."

"ஐயோ, வேணாம் சிஸ்டர்."

"ஏன் வேணாம்?"

"நான் மீனும் சிப்ஸும் பொரிக்கிறவன். பன்னண்டு வருஷத்து எண்ணெய். எவ்வளவு தேய்ச்சுக் குளிச்சாலும் போகாது. பஸ்ல நான் ஏறினா பக்கத்து சீட்டுக்காரங்களுக்குப் பசிக்குது. பிஞ்சுக் குழந்தை பயந்துடும்."

"உனக்கே அந்த வாசனை தெரியுதா?"

"எனக்கு எங்கே தெரியும்? மூக்கு செத்து வருஷக்கணக்காச்சு."

மாரீன் பெட்டியின் துவாரத்தருகே குனிந்து துணியை லேசாக முகர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

எண்ணெய் வாசனை பாதிக் காரணம்தான். பிறந்த அன்று ஒரே ஒரு தடவை கேலம் அவளைத் தூக்கினான். வீல் என்று அலறினாள். பிறந்த குழந்தை எல்லாமே அப்படித்தான் அலறும் என்று யார் சொல்லியும் அவன் கேட்கவில்லை. அன்றிலிருந்து விரலால்கூட அவளைத் தொடவில்லை. பெற்ற மகளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

தாழ்வாரத்துக்கு வந்து ஜெம்மாவைப் போனில் கூப்பிட்டான்.

"தூங்கிட்டா ஜெம். மூணே நிமிஷம். நீ வராமலே வேலையை முடிச்சுட்டே."

"நீ தூக்கினியா?"

"என்னைத் தூக்கச் சொல்லாதே."

"கேலம்."

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. எனக்குப் பொறாமையா இருக்கு. நாலு நாளா நான்தான் வரேன், நான்தான் நிக்கிறேன். அவளுக்கு உன் துணியைத் தெரியுது. என்னைத் தெரியல."

மறுமுனையில் சளியா அழுகையா என்று தெரியாத மாதிரி ஒரு உறிஞ்சல் கேட்டது.

"சொல்ல வேணாம்னுதான் இருந்தேன், நீயே கண்டுபிடிப்பேன்னு நினைச்சேன்," என்றாள் ஜெம்மா. "சளி பிடிச்சவளோட துணியும் வார்டுக்குள்ள வரக் கூடாதுன்னு மாரீன் முதல் நாளே போன்ல சொல்லிட்டா. என் துணி ஒண்ணுகூட அங்கே வரல. தினமும் நீ குளிக்கப் போனதும் மாஸ்க்கும் கையுறையும் மாட்டிக்கிட்டுக் கீழே வந்து, ராத்திரி முழுக்க உன் தலையணை உறைக்குள்ள நான் ஒளிச்சு வச்சிருந்த துணியைத்தான்டா எடுத்துப் பையில போட்டேன்."