கை மாறாத துப்பாக்கி

பழைய துப்பாக்கிகளை வாங்கி விற்கும் கடைக்காரி அந்தத் துப்பாக்கியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிரே எஸ்டேட் முதலாளி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஜெர்மனியில வேட்டைக்குன்னே செஞ்சது சார். குழல்ல முத்திரை இருக்கு. ரெண்டு விசை வேற. பின்விசையை இழுத்துட்டா, முன்விசையை லேசாத் தொட்டாலே வெடிச்சிடும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா. விலையைச் சொல்லு."

"ஒரே கையில இருந்ததுன்னா விலை ரெட்டிப்பு. நடுவுல திருட்டு கிருட்டுப் போயிருந்தா பாதிதான்."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கப்பா போனதிலிருந்து இது என் பீரோவுலதான் இருக்கு. பொண்டாட்டிகிட்டகூட சாவி கொடுக்க மாட்டேன். அதுக்கப்புறம் என்னைத் தவிர ஒரு பய இதால சுட்டதில்ல, போதுமா?"

"போதும் சார்" என்றவள் உள்ளறைப் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா?"

கதவைத் திறந்துகொண்டு இன்ஸ்பெக்டர் வந்தார். முதலாளி போனில் துப்பாக்கியின் அடையாளம் சொன்ன அன்றே அவரிடம் பேசிவிட்டிருந்தாள்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"துப்பாக்கி திருடு போச்சு, திருடன்தான் சுட்டிருப்பான்னு போலீஸ்ல சொல்லித் தப்பிச்சீங்களே, அன்னிக்குச் செத்தவர் என் புருஷன். விசாரணை நடந்தப்ப நான் பிரசவ வார்டுல கிடந்தேன். அதான் என் முகம் உங்களுக்குத் தெரியல. அவர் நெஞ்சிலிருந்து எடுத்த தோட்டா இன்னும் ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கு."

துப்பாக்கியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"பட்டாசுக்கே பயப்படுறவ, உனக்கு எதுக்கு இந்தத் தொழில்னு எல்லாரும் கேட்டாங்க சார். என்னிக்காவது நீங்க இதை விக்க வருவீங்கன்னுதான் கடையே வச்சேன்."