குளத்தில் தெரியாத முகம்

காட்மாண்டுவின் ஓரத்தில் இருக்கும் மாதா தீர்த்தக் குளத்துக்கு, அன்னையர் தினமான அன்றைக்கு, அம்மாவை இழந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். உற்றுப் பார்த்தால், செத்துப்போன அம்மாவின் முகம் தண்ணீரில் தெரியுமாம். அனாதை இல்லத்துக் குழந்தைகள் சத்தமே இல்லாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைகள் நல அதிகாரி ரத்னமாயா, ஓரத்தில் இருந்த சிறுமி டிக்கியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா தெரியறாங்களா?"

"இல்லக்கா. போன வருஷமும் தெரியல. எங்கள்ல யாருக்குமே தெரியல. நாங்கல்லாம் பாவம் பண்ணவங்களாம், வார்டன் சொன்னார்."

"அம்மா எப்படிச் செத்தாங்க?"

"மலை சரிஞ்சு வீடே மூடிப் போச்சு." டிக்கி பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "ஒத்தைச் செருப்புதான் கிடைச்சுது."

"சிவப்புச் செருப்பு," என்றாள் ரத்னமாயா.

டிக்கி நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"நானும் உங்க இல்லத்துல வளர்ந்தவதான். எனக்கும் இதையேதான் சொல்லிக் கொடுத்தாங்க. வருஷா வருஷம் இங்கே கூட்டிட்டு வருவாங்க. ஒரு தடவைகூட எங்கம்மா முகம் தெரியல."

பின்னால் நின்றிருந்த வார்டன், "நேரமாச்சு, எல்லாரும் எழுந்திரிங்க," என்றார். ஒரு குழந்தையும் எழவில்லை.

"அப்போ நீங்களும் பாவம் பண்ணவங்களாக்கா?"

"இல்லடி," என்று ரத்னமாயா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா சாகவே இல்ல. இன்னிக்குக் காலையில அவங்கதான் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாங்க."