வலது கை

மேசைமேல் இருந்த காகிதக் காற்றாடியை டாக்டர் எடுத்து நீட்டினார். சிறுமி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

அவள் அம்மாவுக்குச் சலிப்பாக இருந்தது.

இது மூன்றாவது ஆஸ்பத்திரி. முதலில் பார்த்தவர் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார். அடுத்தவர், அப்பா இறந்த வீட்டில் பிள்ளைகள் இப்படி நடிப்பதுண்டு, கண்டுகொள்ளாதீர்கள் என்றார். சலவைக் கடையில் இனி லீவு கேட்க முகமில்லை.

திடீரென்று பிள்ளையின் வலது கை துவண்டு தொங்கும். பால் டம்ளர் நழுவி விழும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் கை சரியாகிவிடும். சொன்னவள்தான் பொய்க்காரி ஆவாள்.

“ஊதும்மா, சுத்துதான்னு பாப்போம்.”

“மாட்டேன். ஊதினா கை போயிடும். அழுதாலும் போயிடும்.”

டாக்டர் காற்றாடியைக் கீழே வைத்தார். கிளம்புவதற்காக மூடியிருந்த பேனாவை மறுபடி திறந்தார்.

அவர்கள் கொண்டுவந்த மூளை ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பிறகு சொன்னார். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வருகின்றன போலிருக்கிறது. அபூர்வமான நோய். அழும்போதும், சூடான பாலை ஊதும்போதும் மூச்சு வேகமாகிறது. மிச்சமிருக்கும் வழியும் அப்போது சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பக்கவாதம் வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறது. ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன் நாளைக்கே எடுக்க வேண்டும். உறுதியானால் ஆபரேஷன். அதுவரை பிள்ளையை அழ விடக்கூடாது.

“அவ எங்க டாக்டர் அழறா? அவங்க அப்பாவைத் தூக்கிட்டுப் போனப்பகூட கல்லு மாதிரி நின்னா. அவ அத்தை அதைச் சொல்லிக் காட்டாத நாளில்ல.”

சொல்லி முடிக்குமுன் அம்மாவின் குரல் உடைந்தது. அத்தை வாய்விட்டுச் சொன்னதை அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

கண்கள் நிறைந்தன.

சிறுமி சட்டென்று இறங்கி வந்து, அம்மாவின் வலது கையை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றினாள். படுக்கையில் அம்மா அழும்போதெல்லாம் இப்படித்தான் வந்து பற்றுவாள். பயந்து ஒட்டிக்கொள்கிறாள் என்று நினைத்து, எத்தனையோ முறை அலுப்போடு உதறியிருக்கிறாள் அம்மா.

“நீ அழும்மா. நான் பிடிச்சிருக்கேன். போகாது.”